கோலும் மரக்காலும் கற்றல் அட்டையும்: வேங்கட வட்டாரத்தில் அளவைக் கல்வியின் வரலாறு

முன்னுரை

தொல்காப்பியப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்தின் வட எல்லையாக வேங்கடத்தைச் சுட்டுகின்றது. அதே தொல்காப்பியம் எழுத்ததிகாரத் தொகைமரபில் அளவுப் பெயர்களும் நிறைப் பெயர்களும் எந்தெந்த எழுத்துகளை முதலாகக் கொண்டு வரும் என்பதை வரையறுத்து, அவை ஒன்பது என்கின்றது. உரையாசிரியர்கள் இதற்குக் கலம், சாடி, தூதை, பானை, நாழி, மண்டை, வட்டி, அகல், உழக்கு என அளவைப் பெயர்களை அடுக்கிக் காட்டுவர். ஓர் இலக்கண நூல் புணர்ச்சி விதி கூறும் இடத்தில் அளவைப் பெயர்களுக்கெனத் தனி விதி வகுத்திருப்பது, அளத்தல் என்னும் செயல் அன்றைய வாழ்வில் பெற்றிருந்த இடத்தை உணர்த்துவதாகும்.

இன்றைய தொடக்கப்பள்ளியின் மேல்வகுப்புகளிலும் நடுநிலைப்பள்ளியின் முதல் வகுப்பிலும், அதாவது 4 முதல் 6 வரையிலான வகுப்புகளில், வடிவியலும் அளவைகளும் கணக்குப் பாடத்தின் முக்கியப் பகுதிகளாக உள்ளன. இவற்றைக் கையால் செய்து கற்கும் செயற்பாடுகளாக அமைக்க வேண்டும் என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. ஆயின் இக்கருத்து மேலைநாட்டிலிருந்து அண்மையில் வந்து சேர்ந்தது என்ற எண்ணமும், நம் முன்னோரிடம் இது முழுமையாக இருந்தது என்ற எண்ணமும் ஒருசேர நிலவுகின்றன. இவ்விரண்டும் ஆய்வுக்குரியன. சித்தூர், திருப்பதி வட்டாரத்தைக் களமாகக் கொண்டு, அங்கு அளவை எவ்வாறு வழங்கியது, யாருக்குக் கற்பிக்கப்பட்டது, எவ்வாறு மாறியது, மீண்டும் எவ்வாறு கைவழிக் கல்வியாக வகுப்பறைக்குள் வந்தது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கின்றது.

வேங்கடக் கல்வெட்டுகளில் அளவை

இடைக்காலத்தில் இவ்வட்டாரம் தொண்டை மண்டலத்துத் திருவேங்கடக் கோட்டமாக விளங்கியது. திருமலையிலும் திருப்பதியிலும் திருச்சானூரிலும் உள்ள கல்வெட்டுகள் ஆயிரத்திற்கும் மேற்பட்டவை. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. திருமலை திருப்பதி தேவஸ்தானம் 1930களில் இவற்றைத் தொகுதிகளாக வெளியிட்டது. 10ஆம் நூற்றாண்டுப் பல்லவ அரசி சாமவையின் கொடை தொடங்கி விசயநகர வேந்தர் காலம் வரையிலான இக்கல்வெட்டுகளை வரலாற்றறிஞர்கள் அரசியல், சமயம், பொருளியல் நோக்கில் விரிவாக ஆராய்ந்துள்ளனர். அளவைக் கல்வியின் நோக்கிலும் இவை ஆராயத்தக்கவை.

கோயிலில் நாள்தோறும் படைக்கப்பட்ட அமுதுக்குரிய அரிசி மரக்காலிலும் நாழியிலும், நெய் உரி, உழக்கு, ஆழாக்கு ஆகியவற்றிலும் குறிக்கப்படுகின்றன. இவ்வாறு குறிக்கும்போது மரக்கால் என்று மட்டும் கூறி அமைவதில்லை. எந்த மரக்கால் என்பதும் கூறப்படுகின்றது. மலைகினிய நின்றான் கால், சாளுக்கிய நாராயணன் கால் என மரக்கால்களுக்குப் பெயர்கள் உண்டு. முன்னது மலைமேல் நிற்கும் இறைவன் பெயரையும் பின்னது ஒரு பட்டப்பெயரையும் தாங்கியுள்ளன. ஊருக்கு ஊர், கோயிலுக்குக் கோயில் மரக்காலின் கொள்ளளவு வேறுபட்டமையால், பெயர் குறிப்பிடாத அளவை பொருளற்றதாகிவிடும். இன்றைய கணக்குப் பாடத்தில் அலகு எழுதாத விடை பிழை என்று ஆசிரியர் கூறுவதன் பின்னணியில் உள்ள உண்மை இதுவே.

இக்கல்வெட்டுகளில் வரும் மற்றொரு வழக்கு விட்டவன் விழுக்காடு என்பதாகும். அறக்கட்டளை நிறுவியவர்க்குப் படைத்த அமுதில் நாலில் ஒரு பங்கு உரியது என்பது இதன் பொருள். தமிழ் முகத்தலளவையின் அமைப்பு இக்கணக்குக்கு இயல்பாகப் பொருந்துகின்றது. 2 ஆழாக்கு 1 உழக்கு. 2 உழக்கு 1 உரி. 2 உரி 1 நாழி. 8 நாழி 1 குறுணி அல்லது மரக்கால். 2 குறுணி 1 பதக்கு. 2 பதக்கு 1 தூணி. 3 தூணி 1 கலம். ஆதலின் 1 நாழியில் விழுக்காடு 1 உழக்கு. 1 உரியில் விழுக்காடு 1 ஆழாக்கு. 1 மரக்காலில் விழுக்காடு 2 நாழி. பின்னத்தைத் தாளில் வகுத்துக் காண வேண்டிய தேவையே இல்லை. இருமுறை பாதியாக்கினால் போதும், அப்பாதிக்கு ஒரு கலம் ஏற்கெனவே உண்டு. தூணியிலிருந்து கலத்திற்குச் செல்லுமிடத்தில் மட்டும் இரட்டிப்பு மாறி மூன்று வருகின்றது. அதனால் 1 கலம் 12 மரக்காலாகவும் 96 நாழியாகவும் அமைந்து, இரண்டாலும் மூன்றாலும் நான்காலும் ஆறாலும் மிச்சமின்றிப் பகுக்கத்தக்கதாகின்றது.

நீட்டலளவையிலும் இத்தகைய அமைப்பைக் காணலாம். 12 விரல் 1 சாண், 2 சாண் 1 முழம், 4 முழம் 1 கோல் என்பது நூல்கள் கூறும் வாய்பாடு. ஆயினும் கல்வெட்டுகளில் நிலம் அளந்த கோல் 12 சாண், 16 சாண் எனப் பலவாறு வேறுபடுகின்றது. தமிழகக் கோயில்கள் பலவற்றின் சுவர்களில் அவ்வூர்க் கோலின் நீளம் கீறலாகப் பொறிக்கப்பட்டுள்ளது. ஐயம் எழும்போது யாரும் சென்று ஒப்பிட்டுப் பார்க்கும் பொது அளவுகோலாக அச்சுவர் பயன்பட்டது. ஒரு கோல் நீளமும் ஒரு கோல் அகலமும் உடைய சதுரம் குழி எனப்பட்டது. 12 சாண் கோலுக்கும் 16 சாண் கோலுக்கும் நீளத்தில் உள்ள விகிதம் 3க்கு 4. ஆனால் அவற்றால் அளந்த குழிகளின் பரப்பு விகிதம் 9க்கு 16. கோல் மூன்றில் ஒரு பங்கு நீண்டால் குழியின் பரப்பு ஏறத்தாழ நாலில் மூன்று பங்கு கூடிவிடும். ஆதலின் வரி குழிக்கு இவ்வளவு என விதிக்கப்படும்போது, எந்தக் கோல் என்பது உழவனின் வாழ்வுக்குரிய வினாவாகிவிடுகின்றது. நீளமும் பரப்பும் ஒரே விகிதத்தில் வளர்வதில்லை என்ற வடிவியல் உண்மையை அறிந்தவனுக்கும் அறியாதவனுக்கும் இடையிலான வேறுபாடு, களத்தில் நெல்லாகவே வெளிப்பட்டது.

திண்ணைப் பள்ளியும் அளவையும்

இத்தகைய அளவைகளைச் சிறுவர்கள் எங்குக் கற்றனர் என்ற வினாவுக்குத் திண்ணைப் பள்ளிகளின் சுவடிகள் விடை தருகின்றன. முந்திரி முதலான பின்னங்களைக் கூறும் பொன்னிலக்கம், முகத்தலளவையைக் கூறும் நெல்லிலக்கம், பெருக்கல் வாய்பாடுகளைக் கொண்ட எண்சுவடி, நிலப்பரப்புக் காண உதவும் குழிமாற்று ஆகியவை அங்கு வரிசையாகக் கற்பிக்கப்பட்டன. முந்திரி 320இல் 1, காணி 80இல் 1, மா 20இல் 1, மாகாணி 16இல் 1 எனப் பின்னங்கள் தமக்கெனப் பெயரும் குறியும் பெற்றிருந்தன. அடுத்த நிலையில் காரி நாயனார் பெயரில் வழங்கும் கணக்கதிகாரம் போன்ற நூல்கள் நிலம், நெல், பொன், நீர், காலம் ஆகியவற்றின் கணக்குகளை விதிகளாகத் தந்தன. வட்டத்தின் பரப்பைக் காணச் சுற்றளவின் பாதியை விட்டத்தின் பாதியால் பெருக்கச் சொல்லும் விதி அந்நூலில் உண்டு. பலாப்பழத்தைப் பிளக்காமலே காம்பருகில் உள்ள முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி ஐந்தால் வகுத்துச் சுளையின் எண்ணிக்கையைக் கணிக்கும் புகழ்பெற்ற கணக்கும் அந்நூலதே.

திண்ணைப் பள்ளியின் கற்பித்தல் முறை மனப்பாடத்தையே முதன்மையாகக் கொண்டது. சட்டாம்பிள்ளை முன்மொழிய மற்றவர் பின்மொழிவர். மணலில் விரலால் எழுதிப் பழகுவர். 1790களில் சென்னை எழும்பூரில் அனாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பில் இருந்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், இங்குள்ள சிறுவர்கள் மணலில் எழுதிக் கற்பதைக் கண்டு அதனைத் தம் பள்ளியில் மேற்கொண்டார். மாணவரே மாணவர்க்குக் கற்பிக்கும் தம் முறையை 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். அது இங்கிலாந்தில் சென்னை முறை என்றே வழங்கலாயிற்று.

மனப்பாடம் என்பதை இன்றைய பொருளில் பொருளறியா ஒப்பித்தலாகக் கொள்வது பொருந்தாது. தென்னிந்திய எண்ணும் அளவையும் குறித்து விரிவாக ஆராய்ந்து 2022இல் நூல் வெளியிட்ட செந்தில்பாபு, திண்ணைப் பள்ளியில் நினைவாற்றல் என்பது கணக்குச் செய்வதற்குரிய ஒரு திறனாகவே வளர்க்கப்பட்டது என்பதை வலியுறுத்துகின்றார். எனினும் ஒன்றைக் கருத வேண்டும். குழிமாற்றை ஒப்பித்த சிறுவன் திண்ணையில் கோல் பிடிக்கவில்லை; நெல்லிலக்கம் ஒப்பித்தவன் அங்கு மரக்கால் பிடிக்கவில்லை. கையால் அளக்கும் பயிற்சி களத்துமேட்டிலும் கடைத்தெருவிலும் தந்தையின் தொழிலிடத்திலும் கிடைத்தது. பள்ளி வாய்ப்பாட்டைத் தந்தது. ஊர் பொருளைத் தந்தது. இரண்டும் அருகருகே இருந்தமையால் கல்வி முழுமை பெற்றது.

ஆனால் இம்முழுமை அனைவர்க்கும் உரியதாக இல்லை. சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் தொடங்கிய பள்ளிக் கணக்கெடுப்பின் முடிவாக, 1826ஆம் ஆண்டுக் குறிப்பில் மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவரும் இருந்ததாகக் காணப்படுகின்றது. பெண்கள் இவ்வெண்ணிக்கையில் மிகச் சிலரே. உழுகூலிகளின் பிள்ளைகளுக்கும் பெரும்பாலும் திண்ணையில் இடமில்லை. களத்தில் கூலி நெல் மரக்காலால் அளந்து தரப்பட்டது. தலைதட்டி அளப்பதா, குவித்து அளப்பதா என்பதை அளப்பவரே முடிவு செய்தார். பெறுபவர் அளவையைக் கண்ணால் கண்டார். ஆனால் அதன் கணக்கைக் கற்க இயலவில்லை. அளவையின் பொருளை அன்றாடம் கையில் ஏந்தியவர்க்கு வாய்ப்பாடு மறுக்கப்பட்ட இந்நிலையை மறந்து திண்ணைப் பள்ளியைப் போற்றுவது வரலாற்றுக்கு நேர்மை செய்வதாகாது.

கோல் நீங்கிச் சங்கிலி வந்த காலம்

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அளவை ஆட்சியின் கருவியாகப் புதிய வடிவம் பெற்றது. 1794இல் சென்னையில் நில அளவைப் பள்ளி நிறுவப்பட்டது. பெல் பணியாற்றிய அதே இல்லத்துச் சிறுவர்களே அதன் முதல் மாணவர்களாயினர். பின்னாளில் கிண்டிப் பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது இப்பள்ளியே. 1802இல் லாம்டன் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து பெரும் முக்கோண அளவையைத் தொடங்கினார். முக்கோணத்தின் ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரிந்தால் மற்றப் பக்கங்களைக் காணலாம் என்னும் எளிய வடிவியல் உண்மை, ஒரு துணைக்கண்டத்தையே வரைபடத்தில் அடக்கியது.

ஊர்தோறும் வேறுபட்ட கோல்களின் இடத்தில் 66 அடிச் சங்கிலி வந்தது. குழிக்கும் காணிக்கும் மாற்றாக ஏக்கரும் செண்டும் பதிவேடுகளில் இடம்பெற்றன. தொண்டை மண்டலத்துக் காணி 24 அடிச் சதுரக் குழிகள் 100 கொண்டது. அதாவது 57,600 சதுர அடி. இது ஏறத்தாழ 1 ஏக்கர் 32 செண்டாகும். காணியை 24ஆகப் பகுத்தால் வரும் 2,400 சதுர அடியே இன்றும் சென்னையில் மனை என்றும் கிரவுண்டு என்றும் வழங்குகின்றது. பதிவேட்டிலிருந்து நீங்கிய பழைய அளவை, வீட்டுமனை விற்பனையில் இன்றளவும் உயிர்வாழ்கின்றது. திருப்பதி வட்டாரத்தில் அங்கணம் என்னும் தெலுங்கு அளவைச் சொல்லும் இவ்வாறே மனை வணிகத்தில் நிலைத்துள்ளது; அதன் பரப்பு ஊருக்கு ஊர் மாறுபடுவதும் பழைய கோலின் இயல்பையே நினைவூட்டுகின்றது.

வட ஆர்க்காட்டின் சில வட்டங்களையும் கடப்பையின் சில வட்டங்களையும் இணைத்து 1911இல் சித்தூர் மாவட்டம் உருவாக்கப்பட்டது. 1953இல் அது ஆந்திர மாநிலத்தில் சேர்ந்தது. 1960இல் திருத்தணி தமிழகத்திற்கு மாறியது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைகள் இவ்வாறு மாறிய காலத்திலேயே அளவைகளும் மாறின. 1957 ஏப்ரல் முதல் நாளில் 16 அணா ரூபாய் 100 நயாபைசா ரூபாயாயிற்று. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1958 முதல் படிப்படியாக மெட்ரிக் அளவைகள் நடைமுறைக்கு வந்தன. பாதி, கால், அரைக்கால், வீசம் என இரண்டால் பகுத்துச் செல்லும் சிந்தனையின் இடத்தைப் பத்தால் பகுக்கும் சிந்தனை பெற்றது. ஏமாற்றுக்கு இடந்தரும் பல அளவைகள் ஒழிந்து, நாடு முழுவதற்கும் ஒரே அளவை வந்தமை பெரும் நன்மை என்பதில் ஐயமில்லை. ஆயின் கல்வி நோக்கில் ஓர் இழப்பும் நேர்ந்தது. சாணும் முழமும் குழந்தையின் உடலோடு ஒட்டியவை. சென்டிமீட்டர் அளவுகோலில் மட்டும் உள்ளது. அளவை அன்றாட வாழ்விலிருந்து விலகிப் பாடநூலில் அலகுமாற்றக் கணக்காகச் சுருங்கும் வாய்ப்பு இங்கு ஏற்பட்டது.

கைவழிக் கல்வியின் மூன்று ஊற்றுகள்

கையால் செய்து வடிவியல் கற்கும் முறைக்குச் சென்னை மாகாணத்தில் குறைந்தது மூன்று ஊற்றுகள் இருந்தன. முதலாவது தாள் மடிப்பு. டி. சுந்தரராவ் 1893இல் சென்னையில் வெளியிட்ட தாள்மடிப்பு வடிவியல் நூல், ஒரு சதுரத் தாளும் மடிக்கும் விரலும் கொண்டு சமபக்க முக்கோணம் முதல் வளைகோடுகள் வரை காட்டியது. குழந்தைக் கல்வியாளர் புரோபெல் வகுத்த கைப்பொருள்களுள் ஒன்றான தாள் மடிப்பே தமக்குத் தூண்டுதல் என்று அவர் குறிப்பிடுகின்றார். செருமானியக் கணித அறிஞர் பெலிக்ஸ் கிளைன் இந்நூலைச் சுட்டிக்காட்ட, 1901இல் சிகாகோவில் அது மறுபதிப்புப் பெற்றது. சென்னையில் எழுந்த ஒரு நூல் உலக வகுப்பறைகளுக்குச் சென்றது. ஆனால் சென்னை மாகாணத்துத் தொடக்கப் பள்ளிகளில் அது வேரூன்றவில்லை.

இரண்டாவது ஊற்று மாண்டிசோரி முறை. 1939இல் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்த மரியா மாண்டிசோரி, போர்க் காலம் முழுவதும் இந்தியாவில் தங்கி ஆசிரியர்க்குப் பயிற்சி அளித்தார். தொட்டும் அடுக்கியும் ஒப்பிட்டும் நீளத்தையும் கன அளவையும் உணரும் பொருள்கள் அவர்வழிப் பரவின. எனினும் அப்பொருள்களின் விலை அவற்றைப் பெரும்பாலும் நகரத் தனியார் பள்ளிகளிலேயே நிறுத்தியது.

மூன்றாவது ஊற்று 1937இல் வார்தாவில் உருப்பெற்ற ஆதாரக் கல்வி. நூற்றலும் நெசவும் தோட்டமும் மையமாக, கணக்கு அவற்றோடு இணைந்து கற்பிக்கப்பட வேண்டும் என்பது அதன் கொள்கை. நூலின் நீளம், பாத்தியின் பரப்பு, விதையின் நிறை ஆகியவை பாடமாயின. ஆனால் கைத்தொழிலையும் கல்வியையும் இணைப்பதில் உள்ள இடரை 1953ஆம் ஆண்டுச் சென்னைத் தொடக்கக் கல்வித் திட்டம் வெளிப்படுத்தியது. பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலில் ஈடுபடுவதற்கு வகைசெய்த அத்திட்டம் குலக்கல்வி எனக் கடும் எதிர்ப்புக்குள்ளாகி 1954இல் கைவிடப்பட்டது. கை எதைச் செய்கின்றது என்பதோடு, யாருடைய கை எதற்காகச் செய்கின்றது என்பதும் கல்வியின் வினாவே என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது. செயல்வழிக் கணக்கு, குழந்தையை அதன் பிறப்புக்குரிய தொழிலில் நிறுத்துவதாக அமையலாகாது. எல்லாக் குழந்தைக்கும் எல்லா அளவையையும் உரிமையாக்குவதாக அமைதல் வேண்டும்.

பிற்காலத்தில் இவ்வூற்றுகளை அரசுப் பள்ளி ஆசிரியர்க்கு எட்டும்படி செய்தவருள் பி. கே. சீனிவாசன் குறிப்பிடத்தக்கவர். சென்னையில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய அவர், கட்டத்தாள், தீக்குச்சி, கூழாங்கல் போன்ற செலவில்லாப் பொருள்களைக் கொண்டு கணக்குக் கற்பிக்கும் வழிகளை வாழ்நாள் முழுவதும் பரப்பினார். 1993இல் இராயபுரத்தில் இராமானுசன் அருங்காட்சியகத்தையும் கணிதக் கல்வி மையத்தையும் உருவாக்கினார். 2005ஆம் ஆண்டுத் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்புக்காகக் கணிதக் கற்பித்தல் குறித்து ஆராய்ந்த குழுவின் தலைவர் சென்னையைச் சேர்ந்த ஆர். இராமானுசம் ஆவார். விதிகளை ஒப்பிப்பதினும் கணித நோக்கில் சிந்திக்கும் ஆற்றலே முதன்மை என்று அக்குழு வற்புறுத்தியது.

ரிஷிவேலியின் ஏணி

சித்தூர் மண்ணிலிருந்தே தோன்றி, தமிழகத் தொடக்கக் கல்வியின் போக்கை மாற்றிய முயற்சி ரிஷிவேலியினுடையது. மதனப்பள்ளியில் பிறந்த ஜே. கிருஷ்ணமூர்த்தியின் கல்விச் சிந்தனையிலிருந்து 1926இல் தோன்றியது ரிஷிவேலிப் பள்ளி. அங்குள்ள கிராமப்புறக் கல்வி மையம், சுற்றியுள்ள சிற்றூர்களில் ஓராசிரியர் பள்ளிகளைத் தொடங்கியது. பல வகுப்பு மாணவரும் ஒரே அறையில் ஒரே ஆசிரியரிடம் கற்கும் இப்பள்ளிகளுக்குப் பாடநூல் முறை பொருந்தவில்லை. பத்மநாப ராவ், ரமா இணையர் தலைமையில் தெலுங்கில் உருவான மாற்றுமுறை, பாடநூலைச் சிறு சிறு அட்டைகளாகப் பகுத்தது. அட்டைகள் ஓர் ஏணியின் படிகளாக வரிசைப்படுத்தப்பட்டன. ஒவ்வொரு மைல்கல்லிலும் அறிமுகம், வலுவூட்டல், மதிப்பீடு, குறைநீக்கல், வளமூட்டல் என அட்டைகள் அமைந்தன. குழந்தை தன் வேகத்தில் படி ஏறும். ஆசிரியர் துணையோடு கற்கும் குழு, தோழர் துணையோடு கற்கும் குழு, தானே கற்கும் குழு என வகுப்பு பிரிந்து அமரும். பெட்டிக்குள் பள்ளி என இது புகழ்பெற்றது.

சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம். பி. விஜயகுமார் ஆசிரியர் குழுக்களை ரிஷிவேலிக்கு அனுப்பிப் பயிற்றுவித்தார். 2003இல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-08 கல்வியாண்டில் தமிழகம் முழுவதும் 1 முதல் 4 வரையிலான வகுப்புகளுக்கு விரிந்தது. தாழ்நிலைக் கரும்பலகை, தட்டுகளில் அடுக்கிய அட்டைகள், குழந்தைகளின் படைப்புகளைத் தொங்கவிடும் கம்பிப் பந்தல் ஆகியவை அன்றைய வகுப்பறையின் அடையாளங்களாயின. 5ஆம் வகுப்புக்கு மேல் படைப்பாற்றல் கல்வி என்னும் வேறு முறை வந்தது. 2012இல் எளிமைப்படுத்தப்பட்ட வடிவமும், 2022இல் முதல் மூன்று வகுப்புகளுக்கு எண்ணும் எழுத்தும் திட்டமும் தொடர்ந்தன.

தோழன் தோழனுக்குக் கற்பிக்கும் இம்முறையில் சட்டாம்பிள்ளையின் சாயல் இருப்பதைக் காணலாம். எழும்பூரிலிருந்து இலண்டன் சென்ற முறையின் வேறொரு பிறவி எனலாம். ஆயின் சட்டாம்பிள்ளை எல்லாரையும் ஒரே வேகத்தில் ஓதச் செய்தான். ஏணி ஒவ்வொருவருக்கும் தனி வேகம் தந்தது. இதுவே இதன் பெரும்பேறு. அளவைப் பாடத்தில் இதன் எல்லையும் தெரிகின்றது. அட்டையில் வரைந்த பென்சிலை அட்டையில் வரைந்த அளவுகோலால் அளப்பது அளத்தல் ஆகாது. அது எண்ணைப் படித்தலே. அட்டை, குழந்தையை அறைக்கு வெளியே அனுப்பும் ஏவலாக அமைந்தால் மட்டுமே செயல்வழி என்னும் பெயர் பொருந்தும். இல்லையெனில் மனப்பாடத்தின் இடத்தை நிரப்புதல் பெறும். கை எழுதும், ஆனால் அளக்காது.

செயற்பாடு அமைத்தல்: வரலாறு தரும் வரிசை

மேற்கண்ட வரலாறு, 4 முதல் 6 வரையிலான வகுப்புகளுக்குச் செயற்பாடுகள் அமைப்போர்க்கு ஒரு வரிசையைத் தருகின்றது. முதலில் வருவது முரண்பாடு. வகுப்பறையின் நீளத்தை ஐந்து மாணவர் தத்தம் முழத்தால் அளந்தால் ஐந்து விடைகள் வரும். எது சரி என்ற வினா எழுந்த பின், ஒருவர் முழத்தைச் சுவரில் கீறிப் பொது அளவாக்கலாம். கோயிற் சுவரில் கோல் பொறித்தவர்கள் செய்ததும் இதுவே. மீட்டர் கோல் இதன்பின் வந்தால், அது ஆசிரியர் விதித்த பொருளாகத் தோன்றாமல் மாணவரின் சிக்கலுக்கு விடையாகத் தோன்றும்.

இரண்டாவது, பரப்பும் சுற்றளவும். 24 முழக் கயிற்றை முடிந்து தரையில் செவ்வகங்கள் அமைக்கச் செய்யலாம். 6க்கு 6 என்றால் பரப்பு 36 சதுர முழம். 8க்கு 4 என்றால் 32. 10க்கு 2 என்றால் 20. 11க்கு 1 என்றால் 11. கயிறு மாறவில்லை, நிலம் சுருங்கிவிட்டது என்பதைக் குழந்தை உள்ளே நின்று காணும். அடுத்து 12 சாண் கயிற்றாலும் 16 சாண் கயிற்றாலும் இரு குழிகள் வரைந்து, இரண்டையும் நான்கு சாண் பக்கமுள்ள சதுரங்களாகப் பகுத்தால் ஒன்றில் 9, மற்றொன்றில் 16 எனக் கிடைக்கும். வரி ஒன்றேயானால் எந்தக் குழியை உழவர் விரும்புவர், எதனை அரசு விரும்பும் என்ற வினா கணக்கையும் வரலாற்றையும் ஒருங்கே திறக்கும்.

மூன்றாவது, வட்டம். தேங்காய் நார்க் கயிற்றைத் தட்டையாகச் சுருட்டி வட்டமாக்கி, நடுவிலிருந்து விளிம்பு வரை ஒரே நேர்கோட்டில் வெட்டினால், கயிற்றுத் துண்டுகள் நிமிர்ந்து முக்கோணமாக அடுக்கப்படும். அதன் அடி வட்டத்தின் சுற்றளவு; உயரம் விட்டத்தின் பாதி. முக்கோணத்தின் பரப்பு அடியின் பாதியை உயரத்தால் பெருக்கியது. ஆகவே சுற்றளவின் பாதியை விட்டத்தின் பாதியால் பெருக்க வேண்டும் என்னும் கணக்கதிகார விதி, மனப்பாடமாகாமல் மாணவர் கையிலேயே பிறக்கின்றது.

நான்காவது, கொள்ளளவு. ஒரே அளவான இரு செவ்வகத் தாள்களை, ஒன்றை நீளவாக்கிலும் மற்றதை அகலவாக்கிலும் சுருட்டி உருளையாக்கி மணல் நிரப்பினால், குட்டையான உருளை மிகுதியாகக் கொள்வது தெரியும். உயரமான கலமே பெரிது என்ற கண்ணின் பிழை இவ்வாறு நீங்கும். தலைதட்டியும் குவித்தும் ஒரே படியால் அளந்து ஒப்பிடுதல் அடுத்த படி. பின்னர் ஒரு நாழியின் நாலில் ஒரு பங்கை உழக்கால் சரிபார்த்து, அதே பங்கை மில்லிலிட்டரில் எழுதினால் பழைய இரட்டைப் பகுப்பும் புதிய பத்தின் பகுப்பும் ஒப்புநோக்கப்படும்.

ஐந்தாவது, கோலம். இதனை ஆந்திரத்தில் முக்கு என்பர். தமிழும் தெலுங்கும் ஒருங்கே வழங்கும் இவ்வட்டாரக் குழந்தைகள் அனைவருக்கும் வீட்டு வாசலில் பழகிய வடிவியல் இது. 1, 3, 5, 7, 5, 3, 1 எனப் புள்ளி வைத்தால் மொத்தம் 25. அது 16உம் 9உம் சேர்ந்தது என்பதைப் புள்ளிகளைச் சாய்வாக இரு சதுரங்களாகப் பிரித்துக் காணலாம். சமச்சீர், சுழற்சி ஆகிய கருத்துகளுக்கு இதனினும் எளிய வாயில் இல்லை. பெண்கள் திண்ணைப் பள்ளிக்கு வெளியே நின்ற காலத்திலும் அவர்களிடம் இவ்வடிவியல் வளர்ந்தது என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

முடிவுரை

வேங்கட வட்டாரத்தில் அளவை எக்காலத்தும் வெறும் எண்ணாக இருந்ததில்லை. அது பங்காகவும் வரியாகவும் கூலியாகவும் இருந்தது. திண்ணைப் பள்ளி அளவையின் வாய்ப்பாட்டைச் சிலர்க்குத் தந்தது. களம் அதன் பொருளைப் பலர்க்குக் காட்டியது. ஆங்கிலேயர் ஆட்சியும் மெட்ரிக் முறையும் அளவையை ஒருமைப்படுத்தின. அதே வேளையில் அது குழந்தையின் உடலிலிருந்தும் ஊரிலிருந்தும் விலகியது. ரிஷிவேலியிலிருந்து புறப்பட்ட ஏணி, கற்றலின் வேகத்தைக் குழந்தையிடமே ஒப்படைத்தது. இனி ஆக வேண்டியது, அவ்வேணியின் படிகளில் ஊரின் கோலையும் மரக்காலையும் கயிற்றையும் கோலத்தையும் ஏற்றுவதே.

இப்பணியில் தமிழ்த்துறைகளுக்கும் பங்குண்டு. திருப்பதியில் திருவேங்கடவன் பல்கலைக்கழகத்திலும் குப்பத்தில் திராவிடப் பல்கலைக்கழகத்திலும் தமிழ் பயிற்றுவிக்கப்பட்டு வந்துள்ளது. கல்வெட்டுகளிலும் கணக்கு நூல்களிலும் உள்ள அளவைச் சொற்களை இனங்கண்டு, அவற்றின் மதிப்பை இன்றைய அலகில் கண்டு, தமிழிலும் தெலுங்கிலும் ஆசிரியர் கைக்கு எட்டும் வடிவில் தருவது மொழி ஆய்வாளராலேயே இயலும். தன் ஊர்க் கோயிற் சுவரில் உள்ள நாழி, உழக்கு என்னும் சொற்களைப் படித்து, அவற்றைத் தன் கையால் அளந்து பார்க்கும் குழந்தை கணக்கையும் வரலாற்றையும் மொழியையும் ஒருசேரப் பெறும். முன்பு அளவை யாருக்கு மறுக்கப்பட்டதோ அவர்தம் வழிவந்த பிள்ளைகளும் அதே வகுப்பறையில் அதே கோலைப் பிடித்து அளக்கும்போதே இவ்வரலாறு நிறைவு பெறும்.